ஓலை யார் எழுதியது?

2025 ஜூன் 4, காலை 7 மணி 1 நிமிடம். முந்தைய இரவுதான் அகமதாபாத்தில் பஞ்சாப் கிங்ஸை 6 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்து, பதினெட்டாவது சீசனில் முதன்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றிருந்தது ராயல் சாலஞ்சர்ஸ் பெங்களூரு. பெங்களூர் முழுவதும் தூங்கவில்லை. அந்தக் காலையில் அணியின் அதிகாரப்பூர்வப் பக்கங்களில் ஒரு படம் ஏறியது: விதான சௌதாவிலிருந்து சின்னசாமி ஸ்டேடியம் வரை வெற்றி ஊர்வலம், எல்லோரும் வாருங்கள் என்று. 8 மணிக்கு அதையே மறுபடி சொல்லும் இன்னொரு பதிவு. 8.55க்கு விராட் கோலி பேசும் வீடியோ.

போலீசைக் கலந்துகொள்ளாமலும் அனுமதி பெறாமலும் போடப்பட்ட பதிவுகள் இவை என்று கர்நாடக அரசு உயர் நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கை சொல்கிறது. 11.56க்கு பெங்களூர் போக்குவரத்துப் போலீஸ் தன் பக்கத்தில் ஊர்வலம் கிடையாது, ஸ்டேடியத்தில் பாராட்டு விழா மட்டும்தான் என்று அறிவித்தது. பிற்பகல் 3.14க்கு அணியின் பக்கம் 5 மணிக்கு ஊர்வலம் என்றது. ஸ்டேடியத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விவரம் அன்றைய பதிவுகளில் முதன்முதலாக வந்ததும் இதில்தான். நான்கு பதிவுகளையும் சேர்த்து 44 லட்சம் தடவை பார்த்திருக்கிறார்கள். சுமார் 35,000 பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியத்தைச் சுற்றி 3 லட்சத்துக்கு மேல் ஜனம். வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள்.

யார் மீது எவ்வளவு பழி என்பது நீதிமன்றங்களின் வேலை. அறிக்கை கொடுத்த அரசும் அன்று விதான சௌதா படிக்கட்டில் வீரர்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம். இங்கே பேச வந்தது வேறு. ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் அதன் பெயரால் பேசும் உரிமை யார் கையில் இருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் நகரமான பெங்களூரில் இந்தக் கேள்வியை எழுப்பினால் உடனே பாஸ்வேர்டைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கும் காரணம் உண்டு. 2013 ஜனவரியில் லண்டனில் எச்.எம்.வி. இசைத்தட்டுக் கடை நிறுவனம் கூண்டோடு ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தபோது, அந்தக் காட்சியை நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கிலேயே ஊழியர் ஒருவர் நேரடி வர்ணனையாக எழுதிவிட்டார். ட்விட்டரை எப்படி மூடுவது என்று மார்க்கெட்டிங் டைரக்டர் விசாரித்ததும் அதிலேயே வந்தது. 2017 நவம்பரில் ட்விட்டர் நிறுவனத்தில் வேலை முடிந்து கிளம்பிய ஒருவர், கடைசி நாளில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்பின் கணக்கை 11 நிமிடம் காணாமல் போகச் செய்தார். நம் உச்ச நீதிமன்றமும் தப்பவில்லை. 2024 செப்டம்பர் 20 அன்று அதன் யூடியூப் சேனலைத் திறந்தவர்கள் வாதப் பிரதிவாதங்களுக்குப் பதிலாக கிரிப்டோ நாணய விளம்பரத்தைப் பார்த்தார்கள்.

இவை திருட்டு, அல்லது திரும்ப வாங்க மறந்த சாவி. இவற்றுக்கு மருந்து சுலபம், பெங்களூரின் பெரிய கம்பெனிகளுக்குத் தெரிந்ததும்கூட. பேஸ்புக் பக்கத்துக்கென்று தனிப் பாஸ்வேர்டு கிடையாது. ஆட்களின் சொந்தக் கணக்குகளில்தான் அது தொங்குகிறது. முழு உரிமை பெற்றவர் மற்றவர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், பக்கத்தையே அழிக்கலாம். மற்றவர்களுக்குப் பதிவு போட மட்டும், கடிதங்களுக்குப் பதில் எழுத மட்டும், விளம்பரம் கொடுக்க மட்டும், கணக்குப் பார்க்க மட்டும் என்று பிரித்துக் கொடுக்கலாம். முழு உரிமை ஒரே ஒருவரிடம் இருந்தால், அவர் வேலையை விட்டு கனடா போகும் நாளில் பக்கமும் கனடா போய்விடும். அதனால் குறைந்தது இருவர். விளம்பர ஏஜென்சிக்கு வேலை செய்யும் அளவுக்கு உரிமை போதும், பட்டா எழுதித் தர வேண்டியதில்லை. எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் பாஸ்வேர்டைப் பங்கு போடாமலே பிரதிநிதிகளை நியமிக்க வழி இருக்கிறது. இருந்தும் நடுத்தரக் கம்பெனிகளில் நடப்பது என்ன? விலகிப் போகிறவரிடம் லேப்டாப், அடையாள அட்டை, கேன்டீன் கூப்பன் உட்பட எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கித் திரும்பப் பெறுகிறார்கள். பத்து லட்சம் பேரிடம் கம்பெனியின் குரலில் பேசும் உரிமை அந்தப் படிவத்தில் ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை.

அரசு அலுவலகங்கள் இதில் கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான். பெங்களூர் போலீஸ் கமிஷனரின் எக்ஸ் கணக்கு பதவியின் பெயரில் இருக்கிறது, ஆளின் பெயரில் அல்ல. நெரிசலுக்கு மறுநாள் இரவு கமிஷனர் சஸ்பெண்ட் ஆனார். நாற்காலியோடு கணக்கும் அடுத்தவருக்கு உரியதாயிற்று.

ஆனால் ஜூன் 4ஆம் தேதிப் பதிவுகள் இந்த ரகத்தில் எதிலும் சேராதவை. எவனும் பூட்டை உடைக்கவில்லை. கோபக்கார ஊழியர் யாரும் விளையாடவில்லை. அணியின் பெயரால் அணியே பேசியது. பாஸ்வேர்டு பத்திரமாக இருந்தது, பதினோரு உயிர் போயிற்று.

சோழர் காலத்துச் செப்பேடுகளைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவு வரும். அரசன் வாயால் சொன்னான் என்பதற்காக அது உடனே ஆணையாகிவிடாது. சொன்னதை எழுதுகிறவன் திருமந்திர ஓலை. எழுதியது சரிதானா என்று பார்த்து ஒப்புகிறவன் திருமந்திர ஓலை நாயகம். பிறகு புரவுவரித் திணைக்களத்து அதிகாரிகள் கூடியிருந்து வரிப்புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆனைமங்கலம் கிராமத்தை நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டில் இப்படிக் கையொப்பமிட்டவர்களின் பெயர் வரிசையே நீள்கிறது. ஒரு ஊரின் வரி விவகாரத்துக்கு இத்தனை கண்கள். மூன்று லட்சம் பேரைத் தெருவுக்கு அழைக்கும் ஓலைக்கு இன்று ஒரு கட்டைவிரல் போதும்.

எழுதுகிறவர், ஒப்புகிறவர் என்ற பிரிவினை இன்றும் முடியாததல்ல. ஹூட்சூட் போன்ற மென்பொருள்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரி என்று சொன்னால்தான் வெளியே போகும் ஏற்பாடு உண்டு. ஆனால் அந்த இன்னொருவரும் கம்பெனிக்காரர்தான், அவருக்கும் முந்தைய இரவு தூக்கமில்லை. பேஸ்புக்கோ எக்ஸோ கொடுக்கும் உரிமைப் பட்டியல்களில் கப்பன் பார்க் போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கட்டம் கிடையாது. அதைக் கம்பெனிதான் தன் கையால் போட்டுக்கொள்ள வேண்டும். தள்ளுபடி விற்பனையா, பிறந்தநாள் வாழ்த்தா, அதை இளைஞர் ஒருவரே போடட்டும், பாதகமில்லை. ஓர் இடத்தையும் நேரத்தையும் சொல்லி ஜனத்தைக் கூப்பிடும் பதிவு என்றால், அனுமதிக் கடிதத்தின் எண்ணைக் குறிப்பிடாமல் பொத்தானைத் தொடக் கூடாது என்று எழுதி வைக்கலாம்.

இந்த அனுமதி விஷயத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜூன் 3 மாலை கர்நாடக கிரிக்கெட் சங்கம் கப்பன் பார்க் போலீஸ் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்தது உண்மை. அது தகவல் தெரிவிக்கும் கடிதம், அனுமதி கேட்கும் விண்ணப்பம் அல்ல என்கிறது அரசு அறிக்கை. மொழிபெயர்ப்பிலேயே காலம் தள்ளுகிறவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 'நடத்த இருக்கிறோம்' என்பதும் 'நடத்தலாமா' என்பதும் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றல்ல. ஜூலை 1 அன்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், சஸ்பெண்ட் ஆன போலீஸ் அதிகாரி ஒருவரின் வழக்கில், முதல் பார்வைக்கு அணிதான் கூட்டத்துக்குப் பொறுப்பு என்றது. போலீசார் கடவுளும் அல்ல, மந்திரவாதிகளும் அல்ல என்றும் சொன்னது.

ஒரே நாளில் நான்கு தடவை ஊரை அழைத்த அந்தப் பக்கம், இரங்கல் அறிக்கைக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. அடுத்த பதிவு ஆகஸ்ட் 28 அன்று வந்தது.