தலைவிதியா, தண்ணீரா?

தொப்பூர்க் கணவாய் கடந்து தருமபுரிப் பக்கம் வரும் தோழனே! இம்மாவட்டத்துச் சிறுவர் சிலரின் சிரிப்பைக் கண்டதுண்டா? முத்தாக ஒளிரவேண்டிய பற்களிலே பழுப்புக் கறை! ஏனென்று கேட்டால் "தலையெழுத்து" என்பர் பெரியோர். எழுதியவன் எவனுமில்லை, பாறையிலிருந்து நிலத்தடி நீரிலே கரையும் புளோரைடு! லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது வரம்பு. மிகுந்தால் பல் கறைபடும். பல்லாண்டு பருகினால் எலும்பு இறுகி முதுகே வளையும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1937-லேயே மருத்துவர் கண்டெழுதிய உண்மை இது!

பள்ளியிலே நடப்பதென்ன? நான் கலைப் பட்டதாரி. வேதியியல் என் துறையன்று. எனினும் மாணவனின் செய்முறை ஏட்டைப் புரட்டினேன். வெண்ணிற வீழ்படிவு, நீலநிற வீழ்படிவு—எல்லாம் ஏட்டிலே. சோதனைக் குழாயிலே தூசி! காணாததைக் 'கண்டேன்' என்றெழுதுவதற்கும், பொருளறியாது மந்திரம் முணுமுணுப்பதற்கும் வேற்றுமை யாது?

சிர்க்கோனியம்–அலிசரின் கரைசலில் ஊர்க் கிணற்று நீரை விட்டுப் பார்க்கட்டும் மாணவன். புளோரைடு மிகுந்திருப்பின் செந்நிறம் மங்கி மஞ்சளாகும். அதுவன்றோ செய்முறை!

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, வரவேற்போம். ஆனால் குழாய் வறளும் நாளில், ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொணர்ந்து, "காய்ச்சித்தானே கொடுக்கிறேன்" என்பாள் தாய். காய்ச்சினால் புளோரைடு போகாது, செறியும் என்று அவளுக்குச் சொல்ல மகனுக்குத் தெரியவில்லை—செய்முறைத் தேர்விலே முழு மதிப்பெண் வாங்கிய மகனுக்கு!