பெறுபேறு வந்த வாரத்துப் பேச்சு

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் வாரத்தில் டயகமவில் எந்தப் பிரட்டுக்களத்திலும் அதே பேச்சுத்தான். யாருடைய மகளுக்கு எத்தனை 'ஏ', யாருடைய மகனுக்குக் கணிதம் தவறிவிட்டது என்று கொழுந்து மலைக்கு ஏறும் வரை பேசுகிறோம். இரண்டு வாரம் கழிந்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளையும் உயர்தரத்தில் கலைப் பிரிவுக்கே போகிறது. ஏன் என்று கேட்டால், "கிட்ட உள்ள பாடசாலையில் அதுதானே இருக்கிறது" என்பார்கள். கலைப் பிரிவு தாழ்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. எமது ஆசிரியர்களில் பெரும்பாலோர் அந்த வழியாக வந்தவர்களே. பிள்ளை அதைத் தானாக விரும்பித் தெரிவு செய்ததா, வேறு வழியில்லாமல் போனதா என்பதே எமது கேள்வி.

இந்த நிலை நேற்று வந்ததல்ல. 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்று காலம் போனது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியுடன் எழும்பிய பிறகு பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரத் தொடங்கினர். பின்னர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் உதவியாளர்களை எமது பிள்ளைகளுக்கென்று எடுத்தார்கள். மாதம் ஆறாயிரம் ரூபா கொடுப்பனவில் அவர்கள் வகுப்புக்குள் நுழைந்ததை மறக்க முடியாது. அவர்களால் பல வகுப்பறைகளின் பூட்டுத் திறந்தது. ஆனால் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் கற்பிக்கப் பட்டதாரி ஆசிரியர் வேண்டும். அந்தக் குறை இன்றும் தீரவில்லை.

பல்கலைக்கழக அனுமதிக் கணக்கையும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிகிறது. 5 சதவீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு; நுவரெலியாவும் அதில் ஒன்று. ஆகவே எமது மாவட்டத்துக்கென்று மருத்துவத்திலும் பொறியியலிலும் ஒவ்வொரு வருடமும் இடம் உண்டு. அந்த இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை, யாரோ ஒருவருடைய பிள்ளை போகிறது. டயகமவில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இல்லையென்றால் அது எமது பிள்ளையாக இருக்கப்போவதில்லை.

மருத்துவரும் பொறியியலாளரும் மட்டும்தானா என்று சிலர் கேட்கக்கூடும். தாதியர் பயிற்சிக்கும் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுச் சித்தியைத்தான் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் தாதி இல்லாமல் வலியைக் கையால் காட்டிச் சொன்ன தாய்மாருக்கு இதன் அருமை தெரியும். 2013இல் தொழினுட்பப் பிரிவும் வந்தது. கணிதப் பிரிவு கடினம் என்று அஞ்சும் பிள்ளைக்கு அது இன்னொரு கதவு. அது எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேட்டறிய வேண்டும்.

ஆய்வுகூடம் இல்லை என்ற முறைப்பாடு நியாயமானது. அதை நாம் விடப்போவதில்லை. அது வரும்வரை பிள்ளைகள் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. தோட்டத்திலேயே ஆய்வுகூடம் இருக்கிறது, ஆனால் அதன் கதவு எமது பிள்ளைகளுக்குத் திறப்பதில்லை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பெட்டியில் போகும் தூளில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அம்மா பறிக்கும் 18 கிலோ கொழுந்து சுமார் 4 கிலோ தூளாகிறது. இதைக் கணித்துப் பார்க்கும் பிள்ளைக்குச் சதவீதம் என்றால் என்ன என்று திரும்பச் சொல்லத் தேவையில்லை. அதே பிள்ளை தராசடியில் நின்று, தண்ணீருக்கும் கூடைக்கும் என்று கழிக்கும் கிலோவையும் கணக்குப் பார்க்கும். (அதை எல்லாத் துரைமாரும் விரும்புவார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.) ரோலரில் நசுங்கிய கொழுந்து ஏன் செம்பு நிறமாகிறது, டிரையரின் சூடு பட்டதும் அந்த மாற்றம் ஏன் நிற்கிறது என்பது இரசாயனவியல். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இத்தனை கிட்ட இருந்தும் எமது பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலைக் கண்டிருக்கிறார்கள்? எமது அக்ர ஓயாத் தண்ணீர் கொத்மலை ஓயாவாகி, மேல் கொத்மலையில் 150 மெகாவொட் மின்சாரமாகிறது. அதையும் பஸ் கண்ணாடிக்குள்ளிருந்துதான் பார்க்கிறோம்.

ஆசிரியர்களிடம் நாம் கேட்கும் ஒன்று மழைமானி. நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் புனல். அடியில் கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பூச்சியம் என்று கோடிட்டு, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டினால் போதும். ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். இது விளையாட்டல்ல. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்சரிவுக்கு விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் இடம் பெயர வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போன காலையை மலையகம் மறக்காது. லயனுக்கு மேலே மழையை அளக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருப்பது அந்த லயனுக்கே காவல்.

பெற்றோரின் பயத்தையும் நாம் அறிவோம். சயன்ஸ் எடுத்துத் தவறினால் இரண்டு வருடம் வீண், டியூசனுக்கு ஹட்டன் வரை பஸ் காசு, தங்கிப் படிக்க வீடு. பெண்பிள்ளை என்றால் இன்னும் யோசனை. இவை பொய்ப் பயங்கள் அல்ல. ஒரு குடும்பம் தனியாகச் சுமக்க முடியாததால்தான் இது சங்கத்தின் வேலையாகிறது.

ஆகவே தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மாதம் ஒன்றைச் செய்ய வேண்டும். கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் சித்தி பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் உயர்தரத்துக்கு எங்கே போக நினைக்கிறார்கள், காலை பஸ் எத்தனை மணிக்கு என்று லயன் லயனாகக் கேட்டு எழுதிக் கொண்டு வாருங்கள். அந்தத் தொகையோடுதான் ஆசிரியர் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கும், தவணைக்கு ஒரு நாள் தொழிற்சாலைக் கதவைத் திறக்கக் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் நாம் போவோம். உயர்தர வகுப்புக்கு விண்ணப்பம் முடியும் முன்பு பட்டியல் சங்க காரியாலயத்துக்கு வந்துசேர வேண்டும்.