அனுப்புநர் யார்?

பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிப் பழகிய விடுப்பு விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் 'அனுப்புநர்', அதன் கீழே நம் பெயர், அப்புறம்தான் 'பெறுநர்'. யார் எழுதியது என்று தெரியாத கடிதத்தை எந்த வாத்தியாரும் வாங்க மாட்டார். ஆனால் மின்னஞ்சலில் அனுப்புநர் என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிடலாம்! 1982-ல் ஜான் போஸ்டல் என்பவர் எழுதி வைத்த எஸ்.எம்.டி.பி. விதிமுறை அப்படி. அன்றைக்கு வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக, ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அவர்கள் பூட்டாமல் விட்ட கதவுக்கு நாற்பது வருஷம் கழித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை விலை கொடுக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் பட்டறையில்தான் என் அப்பா லேத் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் டிப்ளமோ என்றால் டி.வி. ரிமோட் முதல் ரேஷன் கார்டு வரை எல்லாம் தெரியும் என்பது எங்கள் தெருவின் அசைக்க முடியாத நம்பிக்கை. பட்டறை முதலாளியும் அதே நம்பிக்கையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, பூந்தமல்லி பக்கம் ஒரு கம்பெனிக்கு கொட்டேஷன் அனுப்பினோம். வரவே இல்லைங்கறாங்க. நம்மளைவிட ரேட்டு கூடச் சொன்னவனுக்கு ஆர்டர் போயிடுச்சு. என்னன்னு பாரேன்" என்றார். அந்த ஆர்டர் கிடைத்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் ஓடியிருக்கும். அப்பாவின் ஓவர்டைம்தான் என் செமஸ்டர் ஃபீஸ். ஆகவே எனக்கும் இதில் பங்கு உண்டு!

பட்டறையின் வெப்சைட்டும் இ-மெயிலும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் வாடகைக்கு இருக்கின்றன. போன் போட்டால் ஒரே பதில்தான்: "எங்க பக்கம் எல்லாம் ஓகே சார், மெயில் போயிடுச்சு." போனது வாஸ்தவம்தான். போய்ச் சேர்ந்ததா? தபால் பெட்டியில் போடுவதும் பெறுநர் கையில் கிடைப்பதும் ஒன்றா? தேடச் சொன்னபோது, பூந்தமல்லியில் அந்தக் கொட்டேஷன் ஸ்பாம் கூடையில் கிடந்தது. வேறொரு இடத்துக்கு அனுப்பியது திரும்பியே வந்திருக்கிறது. கணக்கு பார்க்கும் அக்கா, "இங்கிலீஷ்ல நீளமா ஏதோ வந்துச்சு, அழிச்சிட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நீளமான இங்கிலீஷில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வரே மறுபடி முயலும். 5-ல் தொடங்கினால் கதவை அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

நான் செய்தது பெரிய வித்தையெல்லாம் இல்லை. பட்டறை மெயிலிலிருந்து என் ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, மூன்று புள்ளியைத் தட்டி, 'ஷோ ஒரிஜினல்' பார்த்தேன். எஸ்.பி.எஃப். என்ற வரிக்கு எதிரே தேர்ச்சி இல்லை. டிகிம் வரியே இல்லை.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஒரு மின்னஞ்சலில் இரண்டு அனுப்புநர்கள் இருக்கிறார்கள். உறையின் மேல் ஒருவர், உள்ளே லெட்டர்பேடில் ஒருவர். நாம் திரையில் காண்பது லெட்டர்பேடு மட்டும். "இன்ன சர்வர்கள்தான் என் பெயரில் உறை கொண்டுவரலாம்" என்று டொமைனின் டி.என்.எஸ். பதிவில் எழுதி வைக்கும் ஒரு வரிதான் எஸ்.பி.எஃப். டிகிம் என்பது அரக்கு முத்திரை மாதிரி. முத்திரை வைத்த பகுதியை வழியில் யாராவது திருத்தினால் தெரிந்துவிடும். 2015-ல் விதியாக வெளிவந்த டிமார்க், லெட்டர்பேடில் உள்ள பெயரோடு இந்த இரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று கேட்கிறது. பொருந்தாவிட்டால் விட்டுவிடுவதா, ஓரங்கட்டுவதா, திருப்பி அனுப்புவதா என்பதை டொமைன்காரரே எழுதி வைக்கலாம்.

நம் பட்டறையில் நடந்தது என்ன? ஹோஸ்டிங்குக்கு ஒரு எஸ்.பி.எஃப். வரி; பிறகு பில் அனுப்பும் சாப்ட்வேர் வாங்கியபோது அதற்கென்று இன்னொரு வரி. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது! ஒரு உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அந்தக் கதைதான். இதோடு, வெப்சைட்டில் 'விசாரணை' படிவம் நிரப்புகிறவரின் சொந்த முகவரியையே அனுப்புநராகப் போட்டு பட்டறைக்கு மெயில் வந்தது. அதாவது தன் சர்வரே வாடிக்கையாளர் பெயரில் கள்ளக் கையெழுத்துப் போடுகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வெளியிலிருந்து வரும் கடிதங்களை நிராகரிக்கச் சொன்னபோதே இப்படிப்பட்ட படிவங்கள் அடிபட்டன. அனுப்புநர் இடத்தில் பட்டறை முகவரியைப் போட்டு, வாடிக்கையாளர் முகவரியை 'ரிப்ளை-டு' இடத்தில் வைத்தால் தீர்ந்தது. 2024 பிப்ரவரி முதல் கூகுள், தினம் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் மூன்றையும் கேட்கிறது. சின்ன ஆளானாலும் எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்கிறது.

இரண்டு வரியை ஒரு வரியாக்க அரை மணி நேரம் போதும். ஆனால் ஒன்பது நாள் ஆனது. ஏன் தெரியுமா? டொமைன் முதலாளி பெயரில் இல்லை! வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டு கோயம்புத்தூர் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து பாஸ்வேர்டு வாங்க ஒன்பது நாள். பட்டறை ஷட்டருக்கு மூன்று பூட்டு போடுகிற மனிதர், பட்டறையின் பெயரை மட்டும் வழிப்போக்கர் பையில் விட்டு வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் ஸ்பாம் கூடையைவிட இதுதான் பெரிய ஆபத்து.

சின்னவர்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். சென்னையில் வேர்விட்டு வளர்ந்த ஜோஹோவின் டொமைனையே 2018 செப்டம்பர் 24 அன்று, அதைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் முடக்கியது. ஜோஹோ மெயிலைப் பயன்படுத்திச் சிலர் மோசடிக் கடிதம் அனுப்புவதாக வந்த சில புகார்கள்தான் காரணம். ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டி வந்தது. அதே நாளில் தடை நீங்கியது. பின்னால் ஜோஹோ பதிவாளரையே மாற்றிக்கொண்டது. ஜோஹோவுக்குக் குரல் கொடுக்க ஆயிரம் பேர். லேத் பட்டறைக்கு யார்?

"அட போப்பா, ஃப்ரீயா ஜிமெயில் இருக்கே" என்று ஆவடி நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். எஸ்டேட்டில் பாதி போர்டுகளில் அதுதான் இருக்கிறது, கடிதமும் ஒழுங்காகப் போகிறது. ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்கிய பையன் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டும் கூடப் போகும். அதே பெயரில் ஒரு எழுத்தை மாற்றி இன்னொரு ஜிமெயில் தொடங்கி, "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பணத்தை இதில் போடவும்" என்று ஒருவன் எழுதினால், வாங்கும் கம்பெனி எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? சொந்த டொமைனுக்கும் ஒரு எழுத்து மாற்றிப் போலி செய்யலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சாக அதே பெயரில் வருவதையாவது டிமார்க் தடுக்கும்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுகிறோம், குளம் தூர் வாருகிறோம். நல்லது. பரீட்சையில் எஸ்.எம்.டி.பி. விரிவாக்கம் எழுதி இரண்டு மார்க்கும் வாங்குகிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை, எஸ்டேட்டில் ஒரு தெரு என்று எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனால் என்ன? டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று முதலில் கேட்போம். அப்புறம் எஸ்.பி.எஃப். வரிகளை எண்ணுவோம். பாஸ்வேர்டை நாம் தொடவே கூடாது. முதலாளியே தட்டட்டும், பக்கத்தில் உட்கார்ந்து நாம் சொல்லுவோம். கணக்கு பார்க்கும் அக்காக்களுக்கு 4-ம் 5-ம் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவோம்.

பூந்தமல்லி ஆர்டர் திரும்பி வரவில்லை. அடுத்த கொட்டேஷன் இன்பாக்ஸில் விழுந்ததாக போன் வந்தது. முகாமுக்குப் பேர் கொடுக்க நினைப்பவர்கள் மூன்றாம் ஆண்டு கணினிப் பிரிவில் என்னைப் பார்க்கலாம். டீ செலவு முதலாளிகளுடையது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறேன்.