பழி விழுந்தது டிரைவர் மேல்

உங்கள் அலுவலகக் கணினியில் இணையக் கம்பியைச் செருகும் துளை இருக்கிறதல்லவா? அதற்கு உள்ளே இருப்பதுதான் நெட்வொர்க் கார்டு. அந்தக் கார்டுக்கும் கணினியின் இயங்குதளத்துக்கும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டையும் பேச வைக்கும் மென்பொருளுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். பஸ் ஓட்டும் டிரைவரைப் போலத்தான். ஒழுங்காக வேலை செய்யும் வரை இவரையும் யாரும் கண்டுகொள்வதில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த டிரைவர்களின் நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றம் எழுதி அனுப்பலாம். “கண்டவரும் கை வைத்தால் அதை எப்படி நம்புவது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அனுப்புவது வேறு, அது ஏற்கப்படுவது வேறு.

மாற்றத்தைச் சிறு துண்டாக அனுப்ப வேண்டும். நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம், அடியில் அனுப்புபவரின் பெயரோடு ஒப்புதல் வரி. அந்த ஒப்புதல் வரி 2004ஆம் ஆண்டு முதல் கட்டாயம். பிறகு அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்பவர்கள் வரிவரியாகப் படிப்பார்கள். கார்டு பாதியில் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தாயா? இரண்டு வேலை ஒரே நேரத்தில் இங்கே வந்து மோதினால்? இப்படிக் கேள்விகள் வரும். நெட்வொர்க் பிரிவினருக்கு ஒரு தனி வழக்கம்கூட உண்டு: மாறிகளை அறிவிக்கும்போது நீளமான வரி மேலே, குட்டையான வரி கீழே வர வேண்டும். தலைகீழான கிறிஸ்துமஸ் மரம் என்று அதற்குப் பெயர். இதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டு எரிச்சலடைந்தவர்கள் பலர். எனக்கும் அது கொஞ்சம் அதிகம் என்றுதான் படுகிறது.

ஆனால் வரிவரியாகப் படிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் காட்டிக் கொடுத்தது 2008இல் நடந்த ஒரு விவகாரம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27 பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்த சிலருடைய மடிக்கணினிகளில் இன்டெல் நெட்வொர்க் கார்டு திடீரென்று செத்துப்போனது. கணினியை அணைத்துப் போட்டாலும், பழைய பதிப்புக்கே திரும்பினாலும் பயனில்லை. கார்டு தன் முகவரியையும் அமைப்புகளையும் எழுதி வைத்திருக்கும் நிரந்தர நினைவகத்தில் யாரோ குப்பையை எழுதியிருந்தார்கள். மென்பொருளில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இங்கே பொருளே போய்விட்டது.

அந்தக் கார்டின் டிரைவருக்குப் பெயர் இ1000இ. பழி நேராக அதன்மேல் விழுந்தது. உபுண்டு தன் சோதனைப் பதிப்பில் அந்த டிரைவரையே முடக்கி வைத்தது. இன்டெல் பொறியாளர்களும் மற்றவர்களும் நிரலை அலசினார்கள். சில குறைகள் கண்ணில் பட்டன; திருத்தினார்கள். கார்டைக் கொன்றது அவை அல்ல. அடுத்து, திரையைக் கவனிக்கும் மென்பொருள்மேல் சந்தேகம் போனது. அதுவும் இல்லை.

உண்மையான காரணம், டிரைவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புதிய கருவியில் இருந்தது. எஃப்டிரேஸ் என்று பெயர். இயங்குதளத்துக்குள் எந்த வேலை எப்போது நடக்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்கும் கருவி அது. நிரலின் பல இடங்களில் தன் அடையாளத்தை வைத்து, அந்த இடங்களின் முகவரிகளைக் குறித்துக்கொள்ளும். பிறகு திரும்பி வந்து, தேவையில்லாதவற்றை அழிக்கும்.

இதை வாடகை வீடாக நினைத்துப் பாருங்கள். குடியிருந்தவர் காலி செய்துவிட்டார். அதே வீட்டில் இப்போது வேறொருவர். பழைய முகவரியை வைத்துக்கொண்டு பெயிண்டர் வந்து கதவைத் தட்டுகிறார். கணினி தொடங்கும்போது மட்டும் தேவைப்படும் சில நிரல் பகுதிகள், வேலை முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும். அந்தக் காலி முகவரியில்தான், சில கணினிகளில், நெட்வொர்க் கார்டின் நிரந்தர நினைவகத்துக்கான வாசல் வந்து உட்கார்ந்தது. எஃப்டிரேஸ் முன்ஜாக்கிரதையாகத்தான் நடந்துகொண்டது: “என் அடையாளம் இங்கே இருக்கிறதா? இருந்தால் மட்டும் மாற்று.” ஆனால் அதற்குப் பயன்படுத்திய கட்டளை, ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், படித்ததையே திரும்ப எழுதிவிடும். சாதாரண நினைவகத்தில் இதனால் ஒரு தீங்கும் இல்லை. கார்டின் வாசலில் எழுதினாலோ, அது கட்டளையாகிவிடும்.

எஃப்டிரேஸை எழுதிய ஸ்டீவன் ரோஸ்டெட், தன் கருவிதான் காரணம் என்று தெரிந்ததும் நடந்ததை எல்லாருக்கும் விளக்கினார். டிரைவர் நிரலை நூறு முறை படித்திருந்தாலும் இது கிடைத்திருக்காது. எஃப்டிரேஸின் நிரலைத் தனியாகப் படித்தவர்களுக்கும் அதில் நெட்வொர்க் கார்டு என்ற பேச்சே இருந்திருக்காது.

ஆனால் எனக்குப் பிடித்தது இந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அதற்கு முன்பே டிரைவரில் சேர்ந்த ஒரு சிறு மாற்றம். “யார் எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை, சரி. யாராலும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டால் என்ன?” டிரைவர் தொடங்கியதுமே நிரந்தர நினைவகத்தைப் பூட்டிவிடும். அதன்பிறகு, எழுதச் சொல்லும் கட்டளை எங்கிருந்து வந்தாலும் வன்பொருளே அதைப் பொருட்படுத்தாது. குற்றவாளி பிடிபடும் வரை காத்திருக்கவில்லை. “எங்கள் டிரைவர்மேல் தப்பில்லை” என்று கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை.

அந்தப் பூட்டோடுதான் 2.6.27 பதிப்பு 2008 அக்டோபர் 9ஆம் நாள் வெளிவந்தது. ஒரு வாரத்துக்குள் வந்த 2.6.27.1, எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை முடக்கியது. அடுத்த பெரிய பதிப்பில் அந்தப் பகுதி வேறு விதமாகவே எழுதப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது முகவரி தேடாமல், நிரலை உருவாக்கும்போதே பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளும் முறை அது.

காரணம் சரியான பிறகும் டிரைவரின் பூட்டை யாரும் கழற்றவில்லை. வேண்டுமென்றே திறக்க நினைப்பவர்களுக்கு ஒரு சாவி விட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே, திறந்தால் கார்டின் நினைவகம் கெட்டுப்போகலாம் என்று ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.