மலையில் தீபம் எரியட்டும்! வீட்டில் தீ வேண்டாம்!

திருக்கார்த்திகை நாள். மாலை மணி 6. திருவண்ணாமலையில், 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம் ஏற்றுகிறார்கள். பெரிய கொப்பரை. அது நிறைய நெய். பதினோரு நாள் அந்தச் சுடர் ஊருக்கெல்லாம் தெரிகிறது.

அத்தனை பெரிய நெருப்பு! ஆனாலும் யாரும் அஞ்சுவது இல்லை. ஏன்? அதற்குக் காவல் இருக்கிறது. பர்வத ராஜகுலத்தினர் வழிவழியாக அந்தத் தீபத்தை ஏற்றி வருகிறார்கள்.

மலைக்குக் கீழே, ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு நெருப்பு இருக்கிறது. அது சுவருக்குள் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. அதுதான் மின்சாரம். அதற்குக் காவல் யார்?

ஒரு பிளக்கில் எத்தனை?

தீபம் வந்தால் திருவண்ணாமலையில் வீடு கொள்ளாத விருந்தாளிகள். கிரிவலம் போய் வந்தவர்களுக்கு வெந்நீர் வேண்டும். வாளியில் ஹீட்டர் கம்பியைப் போடுகிறோம். அதே பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதில் இஸ்திரிப் பெட்டி, மிக்சி, நாலு செல்போன். வாசலில் அலங்கார விளக்குக்கும் அதில் இருந்தே ஒயர் போகிறது!

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். சிறிய பிளக் 6 ஆம்பியர் தாங்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். 1,500 வாட் ஹீட்டர் ஒன்றைப் போட்டாலே அந்த அளவு தாண்டிவிடுகிறது. கூடவே 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஒயர் சூடாகும். மின்சாரம் இரண்டு மடங்கு ஓடினால், சூடு நான்கு மடங்கு ஆகும். மேல் உறை இளகும். உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளும் ஒன்றை ஒன்று தொடும். பொறி பறக்கும். பக்கத்தில் திரைச்சீலையோ, பாயோ, கீற்றோ இருந்தால் போதும், பற்றிக்கொள்ளும். “மின்கசிவால் தீ” என்று பத்திரிகையில் படிக்கிறோமே, பெரும்பாலும் நடப்பது இதுதான்.

பியூஸ் எதிரி அல்ல

பியூஸ் போனால் நமக்குக் கோபம் வருகிறது. “அடிக்கடி போகிறதே” என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டுவிடுகிறோம். இது காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது போல! மெல்லிய கம்பி உருகி, வீட்டைக் காப்பாற்றுகிறது. தடித்த கம்பி உருகாது. அதற்குப் பதில் சுவருக்குள் ஒயர் எரியும்.

புது வீடுகளில் பியூசுக்குப் பதில் தானாக விழும் சுவிட்ச் இருக்கிறது. அது விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். ஏன் விழுந்தது என்று ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்ரீரங்கம் மறக்குமா?

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ எடுக்க விளக்குக்கு ஒயர் இழுத்திருந்தார்கள். அதில் ஏற்பட்ட மின்கசிவால் பந்தல் தீப்பிடித்தது என்று கூறப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். தாலி கட்ட வந்த மாப்பிள்ளையும் இறந்தார். மங்கல மேளம் கேட்க வேண்டிய இடத்தில் அழுகுரல் கேட்டது.

பந்தல் போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கீற்றின் மேல் ஒயர் படக்கூடாது. துணி சுற்றி ஒட்டுப்போட்ட ஒயர் எந்த இடத்திலும் வேண்டாம்.

என்ன செய்யலாம்?

தாய்மார்களே! ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் 16 ஆம்பியர் பெரிய பிளக்கைத் தனித்தனியாக வையுங்கள். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா? கருகல் வாடை வருகிறதா? உடனே நிறுத்துங்கள். பழைய வீடாக இருந்தால் ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள்! மின்சாரம் தண்ணீர் வழியாக உங்கள் மேல் பாயும். கைக்கு எட்டினால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். சிறு தீ என்றால் உலர்ந்த மணலைப் போடுங்கள். பெருந்தீ என்றால் நகையைத் தேடாதீர்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே கொண்டு வாருங்கள். பிறகு 101-க்குப் போன் செய்யுங்கள்.

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? இன்றைக்கே பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மலைத் தீபத்துக்குக் காவல் இருக்கிறது. வீட்டு நெருப்புக்கு நாம்தான் காவல்!