சொந்தக் கூட்டத்துக்குச் சொல்லும் பதில்

கொல்கத்தாவின் ஷாகித் மினார் மைதானத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1969 மே 1 அன்று, அந்தத் தூணுக்கு இன்றைய பெயர் வரும் முன்பே, நக்சலைட்டுகளின் தனிக்கட்சி பிறந்ததை கனு சன்யால் அங்கே அறிவித்தார். 2020 மார்ச் 1 அன்று அதே மைதானத்தில் அமித் ஷா பேசினார். கட்சிக் கொடியோடு வந்த தொண்டர்களில் சிலர், துரோகிகளைச் சுட வேண்டும் என்று நடுத்தெருவில் கோஷம் போட்டார்கள். பிறகு சிலர் கைதானார்கள். மார்க்சிஸ்ட் கட்சியை அதன் எதிரிகள் நக்சலைட்டுகளோடும் சீனாவோடும் முடிச்சுப் போட்டார்கள். பாஜகவை அதன் எதிரிகள் வெறுப்பைத் தூண்டும் அமைப்புகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டுமே வங்கத்தை ஆள விரும்பிய கட்சிகள். அந்த ஒப்பீட்டுக்கு அவை தம் சொந்த ஆட்களிடம் என்ன பதில் சொன்னன என்பதுதான் சரியான அளவுகோல்.

1967இல் ஐக்கிய முன்னணி அரசில் மார்க்சிஸ்ட் கட்சி பங்கேற்றது. மே 25 அன்று நக்சல்பாரி பகுதியில் போலீஸ் சுட்டதில் 11 பேர் மாண்டார்கள். அங்கே எழுந்த விவசாயிகள் கலகத்தின் பின்னால் இருந்தவர்கள் அதே கட்சியின் உறுப்பினர்கள். ஜூலையில் பீகிங்கின் கட்சி நாளேடு அந்தக் கலகத்தை வசந்தத்தின் இடிமுழக்கம் என்று வரவேற்றது. ‘சீன ஏஜெண்டுகள்’ என்ற பழிக்கு இதைவிடப் பெரிய சாட்சி எதிரிகளுக்குத் தேவையில்லை. கட்சியோ கலகக்காரர்களை வெளியேற்றியது. ஆகஸ்டில் மதுரையில் கூடிய மத்தியக் குழு, சீனக் கட்சியோடு தனக்குள்ள கருத்து வேறுபாடுகளை எழுத்திலேயே வைத்தது. அதற்குக் கட்சி கொடுத்த விலை பெரிது. துடிப்பான இளைஞர்கள் பலர் விலகினார்கள். அடுத்த ஆண்டுகளில் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டதும் உண்மை. தமிழகத்தில் திமுகவுக்கும் இதே சோதனை வந்தது. 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த 1963இல், அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். பிரிவினைக் கட்சி என்ற பேச்சு அதோடு வலுவிழந்தது. 1967இல் ஆட்சி வந்தது.

பாஜக சொன்ன பதில் வேறு. டெல்லித் தேர்தலில் தோற்ற பிறகு, 2020 பிப்ரவரியில், சுடச் சொல்லும் பேச்சுகள் கூடாதவை என்று அமித் ஷாவே ஒப்புக்கொண்டார். சில வாரங்களுக்குள் அதே கோஷம் கொல்கத்தாவில் கேட்டது. டெல்லியில் மேடையிலிருந்து அதை எழுப்பிய அனுராக் தாக்கூர் 2021 ஜூலையில் கேபினட் அமைச்சரானார். அந்த ஆண்டு வங்கத்தில் 77 இடங்களை வென்று பிரதான எதிர்க்கட்சியான ஒரு கட்சி, தவறு என்று தானே சொன்னதற்கு எந்தத் தண்டனையும் தரவில்லை.

எதிரி ஒட்டும் முத்திரைக்கெல்லாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான், முத்திரைகளில் பல தேர்தல் சரக்கு. ஆனால் கோஷம் கட்சிக்காரர் வாயிலிருந்தே வரும்போது அது எதிரியின் கற்பனை ஆகாது. நக்சல்பாரி விவசாயிகளைக் கைவிட்டதுதானே மார்க்சிஸ்டுகளின் பதில் என்பது கடுமையான ஆட்சேபம். 1977இல் ஆட்சிக்கு வந்ததும் அவர்கள் நக்சலைட்டுகள் உள்ளிட்ட அரசியல் கைதிகளை விடுவித்தார்கள். 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா சுமார் 14 லட்சம் குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. முறையைக் கைவிட்டார்கள், நிலக் கோரிக்கையைக் கைவிடவில்லை. அதே அரசின் போலீஸ் 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமில் 14 பேரைச் சுட்டுக் கொன்றது. பதவிக்கு வந்தபின்னும் இந்தச் சோதனை முடிவதில்லை.

கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிடர்பூருக்கு இது வெறும் வரலாற்றுப் பாடம் இல்லை. துறைமுக மதிலை ஒட்டி உருதும் இந்தியும் வங்காளமும் பேசி வாழும் இந்த மக்கள், சுடு என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அல்ல. ஓட்டு கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தக் கோஷம் போட்டவருக்கு உங்கள் கட்சியில் இன்று என்ன பதவி?