90 மைல் கடலும் ஒரு தடைச்சட்டமும்



அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் நகரிலிருந்து கியூபா தீவுக்கு ஏறக்குறைய 90 மைல் தூரம்தான். ஆனால் அமெரிக்கக் குடிமகன் ஒருவர் விடுமுறையைக் கழிக்க அங்கே போக நினைத்தால் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்தத் தடையை மீறித் தீவுக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். அவர்கள் செய்தது சரியா, தவறா? இது அரசியல்வாதிகள் மட்டும் பேசவேண்டிய கேள்வியல்ல. மனச்சான்று உள்ள எவரும் சிந்திக்கவேண்டிய கேள்வி.

முதலில் பின்னணியைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டு பிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தார். அமெரிக்க நிறுவனங்களின் சொத்துகள் அரசுடைமையாயின. 1961 சனவரியில் இரு நாடுகளின் தூதரக உறவு முறிந்தது, பயணத்தடையும் வந்தது. 1962இல் முழு வணிகத்தடை விதிக்கப்பட்டது. 1963 முதல் இந்தத் தடையை நடைமுறைப்படுத்துவது கருவூலத்துறை. எனவே, 'கியூபாவுக்குப் போகாதே' என்று நேரடியாகச் சொல்லாமல், 'அங்கே பணம் செலவழிக்காதே' என்று சட்டம் சொல்கிறது. செலவின்றிப் பயணம் ஏது? இத்தகைய தடை செல்லும் என்று 1965இலும் 1984இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

அதிபர்கள் மாறும்போதெல்லாம் இந்தக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்து வருகிறது. கார்ட்டர் 1977இல் தளர்த்தினார், ரீகன் 1982இல் மீண்டும் இறுக்கினார். 2000ஆம் ஆண்டு சுற்றுலாத்தடை நாடாளுமன்றச் சட்டமாகவே ஆனது. ஒபாமா வழியைத் திறந்துவிட்டார். டிரம்ப் 2017இலும் 2019இலும் அடைத்தார். 2025 சூன் 30 அன்று அவர் கையெழுத்திட்ட ஆணை, சுற்றுலாத்தடையைக் கண்டிப்புடன் செயல்படுத்தவும், பயணக் கணக்குகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கச் செய்யவும் கூறுகிறது.

இவற்றுள் நம் நெஞ்சை அதிகம் தொடுவது 2004ஆம் ஆண்டின் விதி. கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர், தம் பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, 14 நாட்கள் மட்டுமே காணலாம் என்றது அது. சித்தியோ மாமாவோ அந்த விதியின் கண்களில் குடும்பமே அல்ல. சென்ற ஆண்டு தாயைப் பார்த்துவிட்டு வந்த மகன், இந்த ஆண்டு அத்தாய் சாகக்கிடந்தாலும் போகமுடியாது. 2009இல்தான் இந்த விதி நீக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் மூன்றாம் நாடு ஒன்றின் வழியாகப் பயந்து பயந்து தாயின் படுக்கையருகே போய்ச்சேர்ந்த மகனை நாம் குற்றவாளி என்போமா? ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் கை சூம்பியவரை நலமாக்கிய நம் ஆண்டவர் என்ன சொல்வார்?

இன்னொரு வகையினரும் உண்டு. லூசியஸ் வாக்கர் என்ற பாப்டிஸ்ட் சபைப் போதகர் 1992 முதல் மருந்துகளையும் உதவிப் பொருட்களையும் ஏற்றிய வண்டிகளோடு கியூபாவுக்குப் பயணம் மேற்கொண்டார். அயலானுக்கு உதவ அரசின் உரிமம் எதற்கு என்று அவரது குழு உரிமம் கேட்கவே மறுத்தது. 1993இல் டெக்சாசின் லாரெடோ எல்லையில் பள்ளிப்பேருந்து ஒன்றை அதிகாரிகள் பிடித்துவைத்தனர். குழுவினர் அந்தப் பேருந்துக்குள்ளேயே 23 நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார்கள். இறுதியில் பேருந்து விடுவிக்கப்பட்டது.

மெக்சிகோ வழியாகச் சென்று, கடவுச்சீட்டில் முத்திரை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கடற்கரையில் ஓய்வெடுத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோலத் திரும்பும் பயணியும் சட்டத்தை மீறுகிறார். இருவரும் ஒன்றா? நம் பார்வையில் இல்லை. ஒருவர் தம் இன்பத்துக்காக மறைவில் மீறுகிறார். மற்றவர் பிறருக்காக வெளிப்படையாக மீறி, விளைவைத் தாங்கவும் தயாராக நிற்கிறார். மனச்சான்றுக்கு எதிரான சட்டத்துக்குக் கீழ்ப்படியக் கடமையில்லை என்று திருஅவை போதிக்கிறது. ஆனால் நம் விருப்பத்துக்கெல்லாம் மனச்சான்று என்று பெயரிட அது இடம் தருவதில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையோடு கேட்கவேண்டும். மயாமியில் வாழும் புலம்பெயர்ந்த கியூப மக்களில் பலர், சுற்றுலாப் பயணியின் பணம் அரசையும் இராணுவத்தையும்தான் வளர்க்கிறது என்கின்றனர். அவர்களது காயம் உண்மையானது. 1961இல் நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் அத்தீவிலிருந்து கப்பலேற்றி வெளியேற்றப்பட்டனர். பின்னாளில் கர்தினாலான ஹைமே ஒர்த்தேகா, 1966இல் இளங்குருவாகக் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். 2013 வரை கியூப அரசே தன் குடிமக்கள் நாட்டைவிட்டு வெளியே செல்லத் தனி அனுமதி கேட்டது. ஆக, இக்கரையில் ஒரு பூட்டு என்றால் அக்கரையிலும் ஒரு பூட்டு.

இந்த இரு பூட்டுகளையும் ஒருசேரக் கண்டவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். 1998 சனவரியில் கியூபா சென்ற அவர், அந்நாடு உலகுக்குத் தன்னைத் திறக்கவும், உலகம் அந்நாட்டுக்குத் தன்னைத் திறக்கவும் அழைத்தார். கைதிகளின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தார். விடைபெறும்போது பொருளாதாரத் தடைகளையும் கண்டித்தார். அந்த ஆண்டு முதல் கிறிஸ்து பிறப்பு விழா அங்கே மீண்டும் நிலையான அரசு விடுமுறையானது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2012இலும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015இலும் அதே வழியில் சென்றனர். 2014 திசம்பரில் இரு நாடுகளும் உறவைப் புதுப்பிக்க முன்வந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் இரு தலைவர்களுக்கும் எழுதிய மடல்கள் அதற்குத் துணைநின்றன.

திருத்தந்தையின் 1998ஆம் ஆண்டு பயணத்திற்காக மயாமி உயர்மறைமாவட்டம் திருப்பயணிகளுக்கு ஒரு கப்பலை ஏற்பாடு செய்திருந்தது. புலம்பெயர்ந்தோரின் எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் 2012இல் அதே உயர்மறைமாவட்டத்திலிருந்து பேராயர் வென்ஸ்கி தலைமையில் சட்டம் அனுமதித்த வழியில் ஏறக்குறைய 300 திருப்பயணிகள் கியூபா சென்றார்கள். எல் கோப்ரே அன்னையின் திருத்தலத்தில் தாங்கள் பிறந்த மண்ணை மீண்டும் தொட்டவர்களும் அவர்களில் உண்டு. இரு கரையினரும் தாயென்று அழைப்பது ஒரே அன்னையைத்தானே!

60 ஆண்டுகளுக்கும் மேலான தடை ஆட்சியை மாற்றவில்லை. பிரிந்த குடும்பங்களைத்தான் வாட்டியது. சந்திப்பைத் தடுக்கும் சட்டம் பகையை வளர்க்குமே தவிரத் தீர்க்காது. அதே வேளையில் அத்தீவுக்குச் செல்பவர், அங்கே பேச முடியாமல் சிறையில் இருப்பவரையும் நினைத்துக்கொண்டு செல்லவேண்டும். நோயுற்றவரையும் சிறையிலிருப்பவரையும் காணச் சென்றோமா என்றுதான் இறுதித் தீர்ப்பில் நம்மிடம் கேட்கப்படும். நாம் யாரைக் காணச் செல்கிறோம், எதைக் கையில் எடுத்துச் செல்கிறோம்? இக்கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லக்கூடியவரின் பயணத்தை எந்தக் கடலும் தடுக்காதிருக்க இறைவனை மன்றாடுவோம்.